கரடியூரில் டவர் எடுக்கல!

ஏற்காட்டின் கரடியூர் காட்சிமுனையில் நின்றால் கீழே சமவெளி மொத்தமும் தெரிகிறது. கைபேசியில் ரெண்டு பாயிண்ட். வீட்டுக்குப் பேசலாம் என்று எண்ணை அழுத்தினால் போகவில்லை. மறுபடி அழுத்தினாலும் அதே கதை. மிளகாய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த அண்ணன் கரண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “பாயிண்டை நம்பாதீங்க சார். அது கீழ இருக்கிற டவரு. அந்தப் பாறைக்கு இந்தாண்ட வாங்க, ஏரோப்ளேன் போட்டு எடுங்க.” அப்படியே செய்தேன். முதல் மணியிலேயே வீட்டில் எடுத்தார்கள்.

பொறியாளர்கள் பக்கம் பக்கமாக எழுதும் சிக்கலை அவர் ரெண்டே வரியில் முடித்துவிட்டார். டவர் பேசுவது கைபேசிக்குக் கேட்கிறது. கைபேசி கூப்பிடுவது டவருக்குக் கேட்கவில்லை. கோயில் ஒலிபெருக்கி நாலு ஊர் தாண்டிக் கேட்கும். வயலில் நிற்பவர் எவ்வளவு கத்தினாலும் கோயிலுக்குக் கேட்காது. டவரின் சக்தி பல பத்து வாட். கைபேசியின் உச்சம் 0.2 வாட்தான். தூரமும் ஒரு தடை. கைபேசி டவரை முதலில் கூப்பிடும் முறைகளில் 4ஜியில் பொதுவாகப் பயன்படுவது சுமார் 14 கி.மீ. வரைக்குத்தான் செல்லுபடி. மலை உச்சிக்கோ அதற்கு அப்பால் உள்ள டவரும் நேராகத் தெரியும். பாறை மறைத்ததும் கீழ் டவர் விலகியது. ஏரோப்ளேன் மோடை எடுத்ததும் கைபேசி புதிதாகத் தேடி, பக்கத்து மலை டவரைப் பிடித்துக்கொண்டது.

5ஜி வந்தபின் கைபேசியும் டவரும் முதலில் சந்திக்கும் இந்தக் கட்டம் இன்னும் நுணுக்கமாகிவிட்டது. பழைய டவர் தெருவிளக்கு மாதிரி, எல்லாப் பக்கமும் ஒரே வெளிச்சம். 5ஜி டவர் டார்ச் மாதிரி. கூர்மையான அலைக்கற்றையை ஒவ்வொரு திசையாகத் திருப்பி “நான் இங்கே இருக்கிறேன்” என்று சொல்லும். 3.3 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அதிகபட்சம் 8 திசை. 26 கிகாஹெர்ட்ஸில் 64. ஒரு சுற்று 5 மில்லி நொடிக்குள் முடிந்துவிடும். அடுத்த சுற்று 20 மில்லி நொடிக்கு ஒருமுறை வரும் என்ற கணக்கில்தான் புதிய கைபேசி தேடும். எந்தத் திசை நன்றாகத் தெரிகிறதோ, அதற்கென்று ஒதுக்கிய நேரத்தில் 64 குறிகளில் ஒன்றை அனுப்பிக் கூப்பிடும். ரெண்டு பேர் ஒரே குறியை எடுத்தால் மோதல், திரும்பவும் முதலிலிருந்து. இந்தப் பேச்சுவார்த்தையில் நாலு படி. அதை ரெண்டாகச் சுருக்கும் வழி 2020-ல் தரத்தில் சேர்ந்தது.

இந்தச் சந்திப்பை எளிதாக்க, அகலமான கற்றையால் முதலில் துழாவிப் பிறகு கூர்மையாக்குவது, நிலத்தின் மேடுபள்ளத்தை வைத்துத் திசையை முன்கூட்டியே ஊகிப்பது, வளைந்து செல்லும் 700 மெகாஹெர்ட்ஸ் அலையை வழிகாட்டியாக வைத்துக்கொள்வது என்று யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. ஏற்காட்டுக்கு இதில் கடைசி யோசனைதான் உருப்படியானது. இங்கே பலரும் மூடுபனியைத் திட்டுகிறார்கள். பனி அப்பாவி. மறிப்பது மலைமுகடும், காப்பித் தோட்டத்துக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களின் ஈர இலையும்தான். அலையின் அதிர்வெண் ஏற ஏற இலைகூடச் சுவராகிவிடும்.

நம் ஊர்க் கிராமங்களை உலகம் அடியோடு மறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. டவருக்கு டவர் 6 கி.மீ. இடைவெளி என்ற நம் கிராமக் கணக்கை 5ஜிக்கான சர்வதேசத் தேர்வுமுறையில் சேர்க்கச் சொல்லிக் கேட்டது இந்தியா, சேர்ந்தது. ஐ.ஐ.டி. மெட்ராஸ், ஐ.ஐ.டி. ஐதராபாத் ஆய்வாளர்களின் உழைப்பு அதில் உண்டு. கைபேசியின் குரல் எட்டும் தூரத்தைக் கூட்டும் அலைவடிவத்திலும் அவர்கள் பங்கு உண்டு. 2022 அக்டோபர் 1 அன்று நாட்டில் 5ஜி தொடங்கியபோது வேகத்தைப் பற்றியே எல்லாரும் பேசினார்கள். கைபேசியின் குரலைப் பற்றிப் பேச ஆளில்லை.

எனக்குள்ள கவலை வேறு. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க டவர்களைத் தூங்கவைக்கும் யோசனைகள் இப்போது தரக்குழுக்களில் வேகம் பிடித்திருக்கின்றன. ஆள் குறைந்த இடத்தில் 20 மில்லி நொடிக்கு ஒருமுறை டார்ச் அடிப்பானேன், 160-க்கு ஒருமுறை போதாதா என்பது கேள்வி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆள் குறைந்த இடம் என்றால் யார் இடம்? கரடியூர் மாதிரி மலைக் கிராமங்கள்தானே!

சிக்னல் மங்கலான இடத்தில் கைபேசி ஒரே சுற்றில் டவரை அடையாளம் காணாது. பல சுற்றுகளைக் கேட்டுச் சேர்த்துத்தான் உறுதி செய்துகொள்ளும். பத்துச் சுற்று வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 20 மில்லி நொடிக் கணக்கில் 0.2 நொடியில் முடியும் வேலை, 160 கணக்கில் 1.6 நொடி இழுக்கும். ஒவ்வொரு அலைவரிசையாகத் தேடும்போது அது பெருகும். தேடித் தேடியே பேட்டரியும் தீரும். சேலத்துக் கடைவீதியில் இருப்பவருக்கு இது தெரியக்கூடப் போவதில்லை. சில்வர் ஓக்கில் ஏணி சாத்தி மிளகு பறிக்கும்போது ஒருவர் விழுந்துவிட்டால், 108-ஐக் கூப்பிடுகிற கைக்குத் தெரியும்.

தேவைப்படும்போது கைபேசியே டவரை எழுப்பும், டீசலும் மின்சாரமும் மிஞ்சும் என்கிறார்கள் தூங்கவைக்கும் யோசனையை ஆதரிப்பவர்கள். எழுப்புகிற குரல் கேட்டால்தானே எழும்? கேட்கவில்லை என்பதுதானே மலையில் முதல் சிக்கலே!

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவர்கள் ரெண்டு நாளில் இறங்கிவிடுவார்கள். இங்கேயே இருப்பவர்களுக்காக ஒரே ஒரு வேண்டுகோள். சிக்னல் இருக்கும் இடம் என்று வரைபடத்தில் வண்ணம் அடிக்கும்போது, கைபேசிக்கு டவர் கேட்கிறதா என்று மட்டும் அளக்காதீர்கள். டவருக்குக் கைபேசி கேட்கிறதா என்பதையும் அளந்துவிட்டு அடியுங்கள்.