திணிப்பதும் அடுக்குவதும்

ஆங்கிலம் பயிலும் நம் மாணவர்களைப் பெரிதும் மயக்குவன ஒருபொருட் பன்மொழிகளே. பொருள்களை நெருக்கமாக வைத்தலைக் குறிக்க அம்மொழியிற் பல சொற்கள் உள. அகராதியைப் புரட்டினால் ஒன்றுக்கு மற்றொன்று பொருளாக எழுதப்பட்டிருக்கும். அதை நம்பி ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைக்கும் மாணவன், இலக்கண வழு ஏதுமின்றியே நகைப்புக்கு இடமான வாக்கியத்தை எழுதிவிடுகிறான். அச்சொற்களுள் 'கிறாம்' என்பதை எடுத்துக்கொள்வோம். நிறுவையில் வரும் கிராம் வேறு, இது வேறு. ஒன்றை மற்றொன்றினுள் அழுத்திப் புகுத்துதல் என்பதே, ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பழைய ஆங்கிலத்திலும் இதன் பொருள்.

இதற்கு மிக அயலில் நிற்பது 'பாக்' என்னும் சொல். யாழ்ப்பாணத்தில் புகையிலைச் சிப்பம் கட்டுவோரைக் கண்டவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. இலையோடு இலை பொருந்த அடுக்கி, இறுக்கிக் கட்டுகின்றார்கள். எவ்வளவு இறுக்கினாலும் இலை கெடுவதில்லை. வேண்டும்போது அவிழ்த்து எடுக்கலாம். ஒழுங்கும் முன்யோசனையும் உள்ள இச்செயலே 'பாக்'. ரெயில் புறப்பட அரைமணி நேரம் இருக்கும்போது சேட்டையும் துவாயையும் சுருட்டிப் பெட்டிக்குள் எறிந்து, மூடியின்மேல் தம்பியை ஏறி இருக்கச் செய்து பூட்டுகின்றோமே, அதுதான் 'கிறாம்'. கொள்ளத்தக்க அளவுக்கு மேல், வலிந்து, பொருளுக்கு என்ன நேருமென்று பாராமற் புகுத்துதல். ஆகவே இச்சொல்லில் எப்பொழுதும் ஒரு குறைகூறல் ஒட்டிக்கொண்டிருக்கும். கச்சேரி மண்டபம் நிறைந்திருந்ததென மகிழ்ந்து சொல்பவர் 'பாக்' என்பதன் இறந்தகால வடிவை ஆளுவார். அதே சனத்திரள் ஒரு பஸ் வண்டியில் ஏறிவிட்டால் முறையிடுபவருக்கு வாயில் வருவது 'கிறாம்'.

'ஸ்டஃப்' என்பது உள்ளீடற்ற ஒன்றை நிரப்புதல். தலையணை உறைக்குள் இலவம் பஞ்சு அடைப்பதற்கு அதுவே தக்க சொல். 'ஜாம்' என்றால் உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் இறுகி நிற்றல். பாணுக்குப் பூசும் ஜாமும், பழங்களை நசுக்கிச் செய்யப்படுவதால், இவ்வினையின் வழியே அப்பெயரைப் பெற்றிருக்கலாம் என்பர் சொல்லாராய்ச்சியாளர். 'கொம்பிறஸ்' என்பது ஒரே பொருளின் பருமனைக் குறைத்தல். சைக்கிள் ரயருக்குள் காற்றுக்கு நேர்வது அது. 'டாம்ப்' என்பதிலோ மீண்டும் மீண்டும் இடித்தல் என்னும் குறிப்பு உண்டு. ரெயிற்பாதையின் குறுக்குக் கட்டைகளின் கீழே சல்லிக் கற்களை இடித்து இறுக்குவதும், நிலத்தைத் திமிசுக் கட்டையால் அடிப்பதும் இச்சொல்லுக்கு உரியன.

'கொம்பாக்ட்' என்பது சற்றே விந்தையான சொல். மண்ணையோ பொடியையோ இடைவெளி நீங்க இறுகச் செய்தலை அது குறிக்கும். பெண்கள் கைப்பையில் வைத்திருக்கும் முகப்பூச்சுச் சிமிழுக்கும் அதுவே பெயர். வினையாக வரும்போது பிற்பகுதியை அழுத்தி உச்சரிக்க வேண்டும். சிமிழைச் சொல்லும்போது முற்பகுதியை. உடன்படிக்கை என்ற பொருளிலும் ஒரு 'கொம்பாக்ட்' உண்டு. எழுத்து ஒன்றாயினும் அது வேறு இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. நமது 'திங்கள்' நிலவையும் மாதத்தையும் குறிப்பதுபோன்ற உறவு இவ்விரண்டுக்கும் இல்லை. வெவ்வேறு குடும்பத்தவர் ஒரே பெயரைக் கொண்டிருப்பது போன்றதே இது.

இனி, 'கிறாம்' மாணவனிடம் வந்து சேர்ந்த கதையைக் கேளுங்கள். இங்கிலாந்திலே சசெக்ஸ் பகுதியில் 19ஆம் நூற்றாண்டிற் கோழி வளர்த்தோர், ஓட்ஸ் மாவைப் பாலும் கொழுப்பும் சேர்த்துக் கூழாக்கி, காலால் மிதித்து இயக்கும் பொறியின் குழாயைக் கோழியின் தொண்டைக்குள் விட்டு அக்கூழைச் செலுத்தினர். கோழிக்குப் பசியா என்று கேட்பாரில்லை. சந்தைக்கு முன் அது கொழுத்தாற் போதும். இவ்வாறு ஊட்டுதலுக்கும் 'கிறாம்' என்றே பெயர். பரீட்சைக்கு முன் அவசரமாகப் பாடங்களை விழுங்குவதை அதே சொல்லாற் குறித்தவர்கள், உவமையைத் தேடி அலைந்திருக்க மாட்டார்கள்.

இந்திய சிவில் சேவைக்கு ஆட்களைத் தெரிவு செய்யப் போட்டிப் பரீட்சை 1855ஆம் ஆண்டில் தொடங்கியது. மேலோட்டமான அறிவுக்குப் புள்ளி வழங்கலாகாதென மெக்காலே தலைமையிலான குழு அதற்கு முந்திய ஆண்டே எழுதி வைத்திருந்தது. ஆயினும் என்ன? இலண்டனிலே, அப்பரீட்சைக்கென்றே இளைஞரை ஆயத்தம் செய்யும் நிலையங்கள் செழித்தன. அங்குக் கற்பித்தவர்களை 'கிறாமர்' என்றே ஊரார் அழைத்தனர். குழு அறிக்கை தந்த அதே 1854இல், பிள்ளைகளைச் செய்திகள் ஊற்றி நிரப்பும் பாத்திரங்களாக எண்ணும் பள்ளிக்கூடத்தை சார்ள்ஸ் டிக்கென்ஸ் 'ஹார்ட் ரைம்ஸ்' நாவலில் எள்ளியிருந்தார். நம் நாட்டுத் தனியார் வகுப்புகளை நினைத்துச் சிலர் புன்னகைக்கக் கூடும்.

புட்டு அவிக்கும் நம் தாய்மார் இவ்வேறுபாட்டை அகராதி பாராமலே அறிவர். குழலிலோ நீற்றுப்பெட்டியிலோ மாவைத் தளர இட்டால் ஆவி ஊடே சென்று பதமாக வேகும். நிறையக் கொள்ளட்டும் என்று விரலால் அமுக்கினால் ஆவிக்கு வழியில்லை. வெளியே கட்டி, உள்ளே பச்சை மா. படிப்புக்கும் இடைவெளி வேண்டும் என்பதை அளந்து காட்டியவர் ஹெர்மான் எபிங்ஹவுஸ் என்னும் ஜெர்மானியர். பொருளற்ற அசைகளைத் தாமே பாடமாக்கித் தம்மையே சோதித்து, 1885இல் முடிவுகளை வெளியிட்டார். பன்னிரண்டு அசைகள் கொண்ட தொடரை ஒரே நாளில் அடுத்தடுத்து 68 தடவை ஓதியபோது கிடைத்த பயன், மூன்று நாள்களிற் பங்கிட்டு 38 தடவை ஓதியபோதே கிடைத்துவிட்டது. பரீட்சைக்கு முதல்நாள் இரவு விழித்திருக்கும் பிள்ளை, ஏறக்குறைய இருமடங்கு கூலி கொடுத்து அதே பண்டத்தை வாங்குகிறது.

இதனால், பாடமாக்குதல் முழுவதும் 'கிறாம்' என்று எண்ணிவிடலாகாது. நம் முன்னோர் சூடாமணி நிகண்டை மனனஞ் செய்தது நாளுக்குச் சிறிதாக, பழையதை ஓதியபின் புதியதைச் சேர்த்து, அது அடுக்குதல். அந்நிகண்டை ஆறுமுக நாவலர் 1849இல் உரையுடன் அச்சிட்டார். பொருளடிப்படையிற் சொற்களைத் தொகுத்த ஆங்கில நூலாகிய றொஜேயின் 'தெசோறஸ்' மூன்றாண்டு கழித்து, 1852இல் வெளிவந்தது. அதன் ஆசிரியர் ஒரு வைத்தியர். அப்போது வயது எழுபத்து மூன்று. இரு நூல்களும் சொற்களை ஓரிடத்தே கூட்டித் தரும். எதை எங்கே ஆளுவதென்பது வாக்கியங்களைப் படித்தே அறியப்பட வேண்டியது.

வாக்கிய அமைப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. புத்தகங்களைப் பைக்குள் திணித்தேன் என்றால் 'கிறாம்' என்பதனோடு 'இன்டு' வரும், பையைப் புத்தகங்களால் நிறைத்தேன் என்றால் 'வித்' வரும், பரீட்சைக்கென்றால் 'ஃபோர்'. நேர்முகப் பரீட்சையில், எவ்வாறு ஆயத்தஞ் செய்தீர் என வினவப்பட்டால், உழைப்பைக் காட்டுவதாக எண்ணி இச்சொல்லை ஆளாதிருப்பது நலம்; 'றிவைஸ்' என்று சொல்லுங்கள்.

இன்று மாலை பிள்ளைகளிடம் இம்மூன்றையும் கேட்டுப் பாருங்கள். மாம்பழங்களை வைக்கோலிட்டு மரப்பெட்டியில் அடுக்குதல்; மழையில் ஊறிப் பருத்த யன்னல் அசையாது நிற்றல்; ஐவருக்குரிய காரில் ஒன்பது பேர் நல்லூர்த் தேருக்குப் போதல். முதலாவது 'பாக்', அடுத்தது 'ஜாம்'. மூன்றாவதற்கு இரு விடைகள் பொருந்தும். தாமாகவே உடலை ஒடுக்கி ஏறினார்களாயின் 'ஸ்குவீஸ்'. பெரியப்பா கதவை அழுத்திச் சாத்தினாராயின் 'கிறாம்'.