தம்முள் தொடாத மார்க்கங்கள்

ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குப் போக வழி உண்டா என்பது ஒரு கேள்வி. நடுவில் ஒரு சந்திப்பைக்கூடப் பகிர்ந்துகொள்ளாத வழிகள் எத்தனை உண்டு என்பது முற்றிலும் வேறான கேள்வி. முதற்கேள்விக்கு ‘உண்டு’ என்ற விடை கிடைத்தவுடன் பிரயாணி திருப்தியடைந்துவிடலாம். ஆனால் ஒரு பாலம் இடிந்தாலும் ஒரு ஜங்ஷன் வெள்ளத்தில் மூழ்கினாலும் போக்குவரத்து நில்லாதிருக்க வேண்டும் என்ற பொறுப்பைத் தாங்கியிருக்கும் எஞ்சினியருக்கு இரண்டாவது கேள்வியின் விடை தெரிந்தாலன்றி நித்திரை வராது. இவ்விதக் கேள்விகளை ஆராய்வதற்காக, இடங்களைப் புள்ளிகளாகவும் வழிகளைக் கோடுகளாகவும் வரைந்துகொள்ளும் கணிதத்துறைக்குக் கோட்டுருவியல் என்று பெயர். கோடுகளுக்கு அம்புக்குறி இட்டு, வழிகளையெல்லாம் ஒருவழிப் பாதைகளாக ஆக்கிவிட்டால் அது திசைக் கோட்டுரு. அம்புக்குறி அற்பமான சேர்க்கையாகத் தோன்றும், விளைவோ அற்பமானதன்று.

ஒரு நகரத்தின் தெருக்கள் அனைத்தையும் ஒருவழிப் பாதைகளாக்கிய பின்னரும் எவரும் எங்கும் போய்ச் சேர முடியுமா என்று 1939-இல் ராபின்ஸ் என்ற அமெரிக்கக் கணிதர் ஆராய்ந்து, அடைத்தால் நகரமே இரண்டாகப் பிரிந்துவிடும்படியான தெரு ஒன்றும் இல்லையேல் அது சாத்தியமே என்று நிரூபித்தார். அவ்வளவில் அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

தொடாத மார்க்கங்களின் கதையோ வியன்னாவில் தொடங்குகிறது. பொருளாதார அறிஞர் கார்ல் மெங்கரின் புதல்வரும் அதே பெயரினருமான கார்ல் மெங்கர், வளைவுகளின் இயல்பை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, 1927-இல் ஒரு தேற்றத்தை வெளியிட்டார். ஒரே கோட்டால் நேரடியாக இணைக்கப்படாத இரண்டு புள்ளிகளைத் துண்டிப்பதற்கு நடுவிலுள்ள சந்திப்புகளில் குறைந்தபட்சம் எத்தனையை அடைக்க வேண்டுமோ, அவ்விரண்டுக்கும் இடையே தம்முள் தொடாத மார்க்கங்களும் மிகச் சரியாக அத்தனையே உண்டு என்பது அதன் சாரம். மூன்று தனி மார்க்கங்கள் இருந்தால் மூன்றையேனும் அடைத்தாக வேண்டும் என்பது எவருக்கும் விளங்கும். மூன்றை அடைத்தாலன்றித் துண்டிக்க இயலாத இடத்தில் மூன்று தனி மார்க்கங்கள் இருந்தே தீரும் என்பதுதான் ஆச்சரியம். 1930-இல் புடாபெஸ்ட் வழியாகச் சென்ற மெங்கர் இதை டேனஸ் கோனிக்கிடம் சொன்னபோது, கோட்டுருவியலில் கரைகண்டவரான கோனிக் நம்ப மறுத்து, அன்றிரவே ஓர் எதிருதாரணம் கண்டுபிடித்துவிடுவதாகக் கூறிச் சென்றார். மறுநாள் உறக்கமிழந்த முகத்தோடு வந்து, நிரூபணத்தைக் கேட்டார். விசேஷம் என்னவென்றால், அந்த நிரூபணத்திலும் ஒரு படி விடுபட்டிருந்தது. 1931-இல் கோனிக் வெளியிட்ட தேற்றமே அந்த இடைவெளியை நிரப்பிற்று.

அம்புக்குறிகள் வந்தபோதும் இத்தேற்றம் அசையாமல் நின்றது. காரணத்தைச் சிறிய உதாரணம் ஒன்றிலேயே பார்க்கலாம். ‘அ’விலிருந்து ‘ஈ’க்குப் போக வேண்டும், நடுவே ‘ஆ’, ‘இ’ என்ற இரண்டு சந்திப்புகள், பாதைகளோ அ→ஆ, அ→இ, ஆ→இ, ஆ→ஈ, இ→ஈ என ஐந்து. முதற்பிரயாணி முன்யோசனையின்றி அ, ஆ, இ, ஈ என்று போய்விட்டால், இரண்டு சந்திப்புகளையும் அவனே பிடித்துக்கொண்டுவிட்டதனால், இரண்டாமவன் ‘இ’க்கு வந்து தவித்து நிற்பான். அவனை அங்கிருந்து முதலாமவனுடைய அடிச்சுவட்டில் பின்னோக்கி ‘ஆ’ வரை நடந்து, அங்கிருந்து ‘ஈ’க்குப் போகச் சொல்லுங்கள், எதிரெதிராக நடந்த ஆ→இ பாதை கணக்கிலிருந்து கழிந்துவிடும், இருவரும் தத்தம் மிச்சப் பயணத்தை மாற்றிக்கொண்டவர்களாகி, ஒருவன் ‘ஆ’ வழியாகவும் மற்றவன் ‘இ’ வழியாகவும் போய்ச் சேர்வார்கள். எத்தனை பெரிய வலையிலும் இவ்வாறு திருத்தித் திருத்தியே உச்ச எண்ணிக்கையை அடைந்துவிடலாம்.

ஃபோர்டும் ஃபுல்கர்சனும் 1956-இல் வெளியிட்ட, ஒரு வலை வழியே அனுப்பத்தக்க உச்ச அளவைப் பற்றிய பாய்வுத் தேற்றம் இந்த உபாயத்தை விஸ்தரித்தது. அதற்கு வித்திட்டது ஒரு ராணுவ ரகசியம். சோவியத் ரயில்பாதைகளை 44 புள்ளிகளாகவும் 105 கோடுகளாகவும் வரைந்து, கிழக்கு ஐரோப்பாவுக்கு அனுப்பத்தக்க சரக்கின் உச்ச அளவு 1,63,000 டன் என்று கணக்கிட்ட ஹாரிஸ், ராஸ் என்ற இருவரின் 1955-ஆம் ஆண்டு அறிக்கை, 1999 வரையில் வெளியாருக்குக் காட்டப்படவில்லை. எங்கே வெட்டினால் ஓட்டம் நிற்கும் என்பதே அவர்களுடைய அக்கறை.

இத்தனையும் யார் எங்கே போனாலும் சரி என்றிருக்கும் வரையில்தான். முதலாமவன் தன் வீட்டிலிருந்து தன் ஆபீசுக்கும், இரண்டாமவன் தன் வீட்டிலிருந்து தன் ஆபீசுக்கும் தம்முள் தொடாமல் போக வேண்டும் என்று விதித்துவிட்டால், மிச்சப் பயணத்தை மாற்றிக்கொள்ளும் உபாயம் பயனற்றுப்போகிறது; மாற்றிக்கொண்டால் ஒருவன் மற்றவனுடைய ஆபீசில் போய் நிற்பான். இருவழிப் பாதைகளில், இத்தகைய வீடு-ஆபீஸ் ஜோடிகளின் எண்ணிக்கை முன்கூட்டியே நிலையாக இருக்குமானால், இதற்கும் திறமையான கணிப்புமுறை உண்டென்று ராபர்ட்சனும் சீமோரும் 1995-இல் காட்டினார்கள். ஒருவழிப் பாதைகளிலோ, இரண்டே ஜோடிகள் இருந்தாலும், கணினியியலில் மிகக் கடினமானவை என்று பெயர்பெற்ற பிரச்சினைகளின் வரிசையில் இது சேர்ந்துவிடுகிறது என்பதை ஃபார்ச்சூன், ஹாப்கிராஃப்ட், வைலி மூவரும் 1980-லேயே நிரூபித்திருந்தார்கள். இணைப்புகளை நெருக்கமாக்கினால் சிக்கல் தீராதா என்று கேட்போருக்கு டென்மார்க்கின் தாமசன் 1991-இல் விடையளித்தார்: எத்தனை பெரிய எண்ணைச் சொன்னாலும், அதற்குக் குறைவான சந்திப்புகளை அகற்றுவதனால் துண்டிக்க முடியாத ஒருவழி வலை ஒன்றில், தம்முள் தொடாமல் இணைக்கவொண்ணாத இரண்டு ஜோடிகள் இருக்கக்கூடும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. எனக்கு இப்பகுதியில் மிகவும் பிடித்தது அதுவே. புறப்பட்ட இடத்துக்குச் சுற்றிவர வழியே இல்லாத வலையாயிருந்தால், அம்புகளெல்லாம் முன்னோக்கியே செல்லும்படி சந்திப்புகளை ஒரே வரிசையில் நிறுத்திவிடலாம். பிறகு இரண்டு பிரயாணிகளில் எப்போதும் பின்தங்கியிருப்பவனையே நகர்த்த வேண்டும். மற்றவன் முன்பு விட்டுச்சென்ற இடங்கள் யாவும் பின்தங்கியவனுக்கும் பின்னாலேயே இருக்குமாகையால், அவற்றில் அவன் கால் வைக்கவே மாட்டான். ஆகவே கடந்துவந்த வழியை நினைவில் வைக்க வேண்டியதில்லை, இருவரும் இந்தக் கணத்தில் நிற்கும் இடங்களை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். ஆயிரம் சந்திப்புகள் உள்ள வலையில் அத்தகைய நிலைகள் பத்து லட்சத்துக்கு மேற்படா.