காக்காரிசி: இரு மொழியில் ஆடும் கூத்து

ஆடல் குழுவின் வேலை ஆடுவதோடு முடிந்துவிடுமா? ஆடுதல் பாதி, ஆடக் கற்பித்தல் மறு பாதி. ஒன்று குன்றினும் கலை நிலைக்காது. இதனை விளக்க நமக்கு அண்மையிலேயே ஒரு கூத்து உண்டு. பாறசாலை, நெய்யாற்றின்கரை உள்ளிட்ட தென் திருவிதாங்கூர் ஊர்களில் வழங்கிவந்த காக்காரிசி நாடகமே அது.

கதை எளியது. சிவபெருமானும் உமையும் காக்கானாகவும் காக்காத்தியாகவும் உருக்கொண்டு மண்ணுலகிற்கு வருகின்றனர். காக்காலர் என்போர் ஊர் ஊராய்ச் சென்று குறி சொல்லிப் பிழைத்துவந்தவர். தீப்பந்தம் ஏந்திக் காக்கான் ஆடிக்கொண்டே களம் புகுவான். "நீ யார்? எங்கிருந்து வருகிறாய்?" என்று தம்பிரான் அதட்டுவார். காக்கான் கேலியும் கிண்டலுமாக விடை பகர்வான். மிருதங்கம், கஞ்சிரா, இலைத்தாளம், ஆர்மோனியம் ஆகியவை துணை நிற்கும். குறத்தி குறி சொல்லும் நம் குறவஞ்சியை அறிந்தோர்க்கு இக்கூத்து அயலாகத் தோன்றாது.

இதன் தனிச்சிறப்பு இரண்டு. ஒன்று, பேச்சில் பெரும்பகுதி அவ்வப்போது களத்திலேயே பிறப்பது. மற்றொன்று, தமிழும் மலையாளமும் அதில் பின்னிக் கிடப்பது. "வெள்ளம் வேண்டும்" என்று ஒருவன் கேட்டால் மலையாளிக்கு அது குடிநீர். தமிழனுக்கோ ஊரை அழிக்கும் பெருக்கு! இத்தகைய சொல்லை வைத்து எழும் சிரிப்பை, இரு மொழியும் அறிந்தவனே முழுமையாகச் சுவைப்பான்.

1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தன. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கு அப்பால் ஒரு பள்ளிப்பாடம். இப்பால் வேறொரு பள்ளிப்பாடம். மொழிவழிப் பிரிவினை நியாயமானதே. ஆனால் இரு மொழியிலும் கால் ஊன்றி நின்ற கூத்துக்கு, அதனை முழுதும் உணரும் அவை சுருங்கலாயிற்று. தமிழர் அதனை மலையாளக் கலை என்று விட்டுவிட்டனர். மலையாள மாணவனுக்கோ அதிலுள்ள தமிழ் அடிகள் எட்டாமற் போகின்றன. இருவரும் கைவிட்டால் எஞ்சுவது யாது?

இனிக் கடல் கடந்து பார்ப்போம். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூவிலுள்ள ஒரு குடியிருப்பில் நடந்த விருந்தை ஹிப்-ஹாப் கலையின் பிறப்பிடமாகப் போற்றுவர். ஏழைக் கறுப்பின இளைஞரும் போர்ட்டோ ரிக்கோ இளைஞரும் தெருவில் வட்டமிட்டு நின்று வளர்த்த ஆட்டம் அது. அங்கும் ஆட்டம் அந்நேரத்தில் பிறப்பதே. பார்த்துப் பழகுவதே பாடம். 1992-ல் ரென்னி ஹாரிஸ் பிலடெல்பியாவில் 'ப்யூர்மூவ்மெண்ட்' என்னும் குழுவை அமைத்தார். அரங்குகளில் ஆடுவதோடு, ஹிப்-ஹாப் ஆட்டத்தையும் அதன் வரலாற்றையும் கற்பிப்பதையும் அக்குழு தன் கடமையாகக் கொண்டது. தெருவில் பிறந்த ஆட்டம் 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக் களம் வரை சென்றது.

இந்த ஒப்புமையில் எனக்குப் புலப்படுவது ஒன்று. களத்தில் பிறக்கும் கலையை ஏட்டில் எழுதி மட்டும் காத்துவிட முடியாது. பாட்டை எழுதலாம், தம்பிரானுக்குச் சட்டென்று விடை கூறும் நாவன்மையை எப்படி எழுதுவது? அது ஆசானிடமிருந்து மாணவனுக்கு ஆள்வழியே செல்ல வேண்டும். தெருக்கூத்தாயினும் ஹிப்-ஹாப் ஆயினும் அதுவே நெறி.

ஆகவே நம் சங்கத்தார்க்கு என் வேண்டுகோள் இது. காக்காரிசி ஆடும் மூத்த கலைஞர்களை அழையுங்கள். ஓர் இரவுக் காட்சியோடு அனுப்பிவிடாமல், சில நாட்கள் தங்கிக் கற்பிக்கச் செய்யுங்கள். அவர்கள் உழைப்புக்குத் தக்க ஊதியமும் தாருங்கள். மலையாள மாணவ நண்பர்களையும் உடன் சேருங்கள். காக்கானாக ஒரு தமிழரும் தம்பிரானாக ஒரு மலையாளியும் ஆடட்டுமே! இரு மொழியும் அறிந்த அவையை இழந்த கூத்துக்கு அத்தகைய அவையைத் திரட்டித் தர, எல்லைப்புறப் பல்கலைக்கழக மாணவரைவிடத் தகுந்தவர் யார் உளர்?