அமெரிக்காவில் இன்டர்நேஷனல் பிசினஸ் படிப்பு: பாதியில் யுனிவர்சிட்டி மாறலாமா?

"இங்க பிளேஸ்மென்ட் சுமார்தான்க்கா. அந்த யுனிவர்சிட்டிக்கு மாறிட்டா வேலை ஈஸியா கிடைக்கும்னு சீனியர் சொல்றான்." அமெரிக்காவில் இளங்கலை இன்டர்நேஷனல் பிசினஸ் படிக்கப் போன தம்பி, இரண்டாவது செமஸ்டர் முடிகிற நேரத்தில் வாட்ஸ்அப் காலில் இப்படி ஆரம்பித்தால், கல்விக் கடனுக்குக் கூடவே கையெழுத்துப் போட்ட அக்காவுக்கு அன்றைக்குத் தூக்கம் வராது.

பல்கலைக்கழகம் மாறுவது அங்கே சர்வசாதாரணம். அமெரிக்க மாணவர்களே நிறையப் பேர் மாறுகிறார்கள். வெளிநாட்டு மாணவருக்கும் தடை இல்லை. பலரும் பயப்படுவது விசாவை நினைத்துத்தான். உண்மையில் அதுதான் இதில் சுலபமான பகுதி. பர்ஸைக் கடிப்பது வேறு இடத்தில்.

கிரெடிட் எல்லாம் கூடவே வருமா?

இளங்கலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் தேவை. இரண்டு வருடத்தில் 60 முடித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாச்சு என்று நினைப்போம். புதிய பல்கலைக்கழகம் அப்படி நினைக்காது. அமெரிக்க நாடாளுமன்றத்துக்காக ஆய்வு செய்யும் ஜிஏஓ அமைப்பு 2017-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2004 முதல் 2009 வரை மாறிய மாணவர்கள் சராசரியாகத் தங்கள் கிரெடிட்டில் 43 சதவீதத்தை இழந்ததாக அதில் மதிப்பிட்டிருந்தார்கள். ஓர் அரசுக் கல்லூரியிலிருந்து இன்னோர் அரசுக் கல்லூரிக்குப் போனவர்களுக்கே இழப்பு 37 சதவீதம். தரவு பழையதுதான். ஆனாலும் இழப்பு எந்த அளவுக்குப் போகலாம் என்பதை இது காட்டுகிறது.

இதில் ஒரு நுட்பமான பொறி உண்டு. "உங்க 60 கிரெடிட்டையும் ஏத்துக்கிட்டோம்" என்று மெயில் வரும். வீட்டில் ஸ்வீட் கூட வாங்கிவிடுவார்கள். ஏற்றுக்கொள்வது வேறு, பட்டத்துக்குக் கணக்கில் எடுப்பது வேறு. நீங்கள் படித்த மார்க்கெட்டிங் பாடம் அங்கே மூன்றாம் ஆண்டுப் பாடமாக இருந்தால், உங்களுடையதை வெறும் விருப்பப் பாடம் என்று போட்டுவிடுவார்கள். மார்க் ஷீட்டில் இருக்கும், ஆனால் அதே பாடத்தை மறுபடி காசு கட்டிப் படிக்க வேண்டியிருக்கும். கடைசி 30 கிரெடிட்டாவது தங்களிடம்தான் படிக்க வேண்டும் என்று பல இடங்களில் நிபந்தனையும் இருக்கும். பழைய இடத்தில் உயிரைக் கொடுத்து எடுத்த ஜிபிஏ பெரும்பாலும் கூட வராது. பாடம் வரும், மார்க் வராது.

இன்டர்நேஷனல் பிசினஸில் இன்னொரு சிக்கல். இந்தப் படிப்பு சாதாரண பிபிஏ மாதிரி இல்லை. பல இடங்களில் ஓர் அந்நிய மொழியைப் பல செமஸ்டர் படிக்க வேண்டும், ஒரு செமஸ்டராவது வேறு நாட்டுக்குப் போய்ப் படிக்க வேண்டும். இங்கே ஸ்பானிஷ் இரண்டு செமஸ்டர் முடித்துவிட்டு, நான்கு செமஸ்டர் மொழி கேட்கும் இடத்துக்கு மூன்றாம் ஆண்டில் போய்ச் சேர்ந்தால், வெளிநாட்டு செமஸ்டரை எங்கே நுழைப்பது? பாடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி போட்டிருக்கும். ஒரு கண்ணி விட்டுப்போனால் அரை வருடம் தள்ளிப்போகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 60-ல் 45 மட்டும் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டால், மீதி 15 கிரெடிட் என்பது ஒரு முழு செமஸ்டர். அதற்கான கட்டணம், வாடகை, சாப்பாடு, கூடவே ஆறு மாதம் தள்ளிப்போகும் முதல் சம்பளம். புதிய இடத்தின் கட்டணம் குறைவு என்று மாறுகிறவர்கள் பலர் இந்த வரியைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

வேலைக் கனவு எந்த எண்ணில் இருக்கிறது?

சீனியர் சொன்ன 'பிளேஸ்மென்ட்' விஷயத்துக்கு வருவோம். எஃப்-1 மாணவர் பட்டம் முடித்ததும் ஓபிடி என்ற அனுமதியில் 12 மாதம் வேலை பார்க்கலாம். ஸ்டெம் பட்டியலில் உள்ள படிப்பு என்றால் கூடுதலாக 24 மாதம். ஆக மொத்தம் மூன்று வருடம். எச்-1பி குலுக்கலுக்கான பதிவு வருடத்துக்கு ஒருமுறை, மார்ச்சில் நடக்கும். ஒரு வருட ஓபிடி இருப்பவருக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு வாய்ப்பு. மூன்று வருடம் இருப்பவருக்கு நிதானமாக மூன்று வாய்ப்பாவது உண்டு.

ஒரு படிப்பு ஸ்டெம் பட்டியலில் வருமா என்பதைத் தீர்மானிப்பது பல்கலைக்கழகத்தின் ரேங்க் இல்லை. சிஐபி கோடு என்ற எண். மாணவரின் ஐ-20 படிவத்தில் பாடத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே இருக்கும். இன்டர்நேஷனல் பிசினஸுக்கு 52.1101. இது ஸ்டெம் பட்டியலில் இல்லை. மேலாண்மை அறிவியலுக்கான 52.1301, பிசினஸ் புள்ளியியலுக்கான 52.1302, 2022-ல் சேர்க்கப்பட்ட பிசினஸ் அனலிடிக்ஸ் 30.7102 ஆகியவை பட்டியலில் உண்டு.

அதாவது 52.1101-லிருந்து இன்னும் பெரிய பெயருள்ள இடத்தின் 52.1101-க்கு மாறினால், வேலை அனுமதி ஒரு நாள் கூட அதிகமாகாது. அதே சமயம் இப்போது இருக்கும் இடத்திலேயே பிசினஸ் அனலிடிக்ஸை இரண்டாவது மேஜராகச் சேர்த்தால் அந்த 24 மாதத்துக்கு வழி திறக்கும். மைனராக எடுத்தால் செல்லாது, மேஜராக ஐ-20-ல் ஏற வேண்டும். வேலை கொடுக்கும் நிறுவனம் இ-வெரிஃபையில் பதிவு செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது. பல்கலைக்கழகம் மாறத் துடிக்கும் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது பாட மாற்றம்தான். அதற்குப் பெட்டி கட்ட வேண்டியதில்லை.

அப்போ மாறவே கூடாதா?

அப்படி இல்லை. கட்டணம் கட்ட முடியாமல் திணறும் குடும்பத்துக்கு, மலிவான இடத்துக்கு மாறுவது புத்திசாலித்தனம். கிரெடிட் கொஞ்சம் போனாலும் பரவாயில்லை. இன்டர்ன்ஷிப்புக்குக் கம்பெனியே இல்லாத சின்ன ஊரில் மாட்டிக்கொண்டவருக்கும் காரணம் இருக்கிறது. மாறுவதற்கென்றே போட்ட பாதைகளும் உண்டு. கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் படித்துவிட்டு, டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு யுசி வளாகங்களில் ஒன்றில் உறுதி செய்யப்பட்ட இடம் வாங்கும் 'டேக்' திட்டம் இருக்கிறது. குறிப்பிட்ட பாடங்களையும் மார்க்கையும் எடுத்திருக்க வேண்டும், செப்டம்பரிலேயே விண்ணப்பிக்க வேண்டும். பெர்க்லியும் யுசிஎல்ஏவும் இதில் இல்லை. எந்தப் பாடம் எங்கே செல்லும் என்பதை 'அசிஸ்ட்' இணையதளத்தில் முன்கூட்டியே பார்த்துவிடலாம் என்பதால், கிரெடிட் விஷயத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு குதிக்க வேண்டியதில்லை.

முதல் வருடச் சேர்க்கையின்போது கிடைத்த ஸ்காலர்ஷிப் அந்தப் பல்கலைக்கழகத்தோடு முடிந்துவிடும். மாறி வருபவர்களுக்கான உதவித்தொகை பொதுவாகக் குறைவு. வங்கியையும் மறக்கக் கூடாது. கல்விக் கடன் குறிப்பிட்ட பல்கலைக்கழகத்துக்கும் படிப்புக்கும் அனுமதிக்கப்பட்டது. அடுத்த தவணை புதிய இடத்துக்குப் போக வேண்டுமானால், மேனேஜரிடம் புது அட்மிஷன் கடிதத்தோடு முதலிலேயே பேசி எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். மாறிய பிறகு போய் நின்றால் ஃபீஸ் கடைசித் தேதிக்குள் பணம் போகாது.

விசா எப்படி நகரும்?

மாணவரின் பதிவு செவிஸ் என்ற அரசுத் தளத்தில் இருக்கும். இப்போதைய கல்லூரியின் சர்வதேச மாணவர் அதிகாரி, அதாவது டிஎஸ்ஓ, அதைப் புதிய கல்லூரிக்கு விடுவிப்பார். செவிஸ் எண் மாறாது, புதிய ஐ-20 வரும். விசா ஸ்டாம்பிங் காலாவதியாகாமல் இருந்தால், அதில் பழைய கல்லூரி பெயர் இருந்தாலும் புதிய ஐ-20-உடன் பயணிக்கலாம். ஐந்து மாதத்துக்குள் புதிய இடத்தில் வகுப்பு தொடங்க வேண்டும். வகுப்பு தொடங்கிய 15 நாளுக்குள் புதிய டிஎஸ்ஓவிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

விதிகள் மாறும் காலம் இது. 2025 ஆகஸ்டில் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஒரு முன்மொழிவை வெளியிட்டது. இளங்கலை மாணவர் முதல் கல்வியாண்டை முடிக்கும் முன் பொதுவாகப் பல்கலைக்கழகமோ படிப்போ மாறக் கூடாது, தங்கும் அனுமதி ஒரே தடவையில் நான்கு வருடத்துக்கு மேல் கிடையாது என்பவை அதில் இருந்தன. கிரெடிட் இழப்பால் படிப்பு நாலரை வருடமாக நீண்டால், இப்படிப்பட்ட விதியின் கீழ் தனியாக நீட்டிப்புக் கேட்க வேண்டிவரும். எனவே விண்ணப்பிக்கும் முன் அப்போதைய விதி என்ன என்பதை டிஎஸ்ஓவிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

எல்லாவற்றையும் விட முக்கியமான தேதி ஒன்று உண்டு. பதிவை விடுவிக்கும் அந்த 'ரிலீஸ் டேட்'. அதை மாணவரும் டிஎஸ்ஓவும் பேசித்தான் முடிவு செய்வார்கள். அந்த நாள் வரும்வரை "வேண்டாம், இங்கேயே இருக்கேன்" என்று ரத்து செய்யலாம். அது கடந்துவிட்டால் பழைய கல்லூரியால் எதுவும் செய்ய முடியாது. கேம்பஸ் லைப்ரரியில் பகுதி நேர வேலை பார்ப்பவர் என்றால் அந்த வேலையும் அன்றோடு நின்றுவிடும். புதிய இடத்தின் அட்மிஷன் கடிதம், எந்தப் பாடம் பட்டத்துக்குக் கணக்காகும் என்று துறையே எழுதிக் கொடுத்த பட்டியல், வங்கியின் ஒப்புதல் ஆகிய மூன்றும் கைக்கு வந்த பிறகே அந்தத் தேதியைச் சொல்லச் சொல்லுங்கள்.