மொட்டை போட்டால் சுருட்டை முடி நேராகுமா? சீப்பைக் கண்டாலே அழும் குட்டீஸ்களுக்கு...

திங்கட்கிழமை காலை. ஸ்கூல் வேன் வர இன்னும் பத்தே நிமிடம். இரட்டை ஜடை போட்டு, மடித்து ரிப்பன் கட்டியாக வேண்டும். காய்ந்து கிடக்கும் சுருட்டை முடியில் உச்சியிலிருந்து சீப்பை இழுக்கிறார் அம்மா. குழந்தை அலறுகிறது. ``பழனிக்குப் போயி இன்னொரு மொட்டை போட்டுட்டா நேராயிரும் கண்ணு'' என்கிறார் அம்மிச்சி. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் சுருட்டை முடிக் குழந்தை இருக்கும் வீடுகளுக்கு இந்தக் காட்சி புதிதல்ல.

முதலில் மொட்டை விஷயம். நேர்த்திக்கடனைத் தாராளமாகச் செலுத்தலாம். ஆனால், முடி எப்படி வளர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது தோலுக்கு உள்ளே இருக்கும் வேர்ப்பை. அது வளைந்திருந்தால் முடியும் சுருண்டுதான் வரும். கத்தி எடுப்பது தோலுக்கு மேலே இருப்பதை மட்டுமே. மொட்டைக்குப் பிறகு முடி மாறியதாகத் தோன்றினால், அது பெரும்பாலும் வயது செய்யும் வேலை. பருவ வயதில் ஹார்மோன்களால் இன்னொரு முறையும் மாறலாம்.

அப்படியென்றால் அழுகைக்கு என்ன வழி? சீப்பை எடுக்கும் நேரத்தை மாற்றுவதுதான். நேரான முடியை ஈரத்தோடு வாரினால் உடையும் என்பார்கள், சரிதான். சுருட்டை முடிக்கு இது தலைகீழ். தலையில் சுரக்கும் எண்ணெய் வளைவுகளைத் தாண்டி நுனி வரை இறங்காது என்பதால் அது எப்போதும் வறண்டே இருக்கும். காய்ந்த நிலையில் வாரினால் உடையும், வலிக்கும். ஈரமாக இருக்கும்போது கொஞ்சம் கண்டிஷனர் தடவி, முதலில் விரலால் சிக்கெடுத்து, பிறகு அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வார வேண்டும். இதை ஞாயிறு சாயங்காலமே முடித்துத் தளர்வாகப் பின்னிவிட்டால், மறுநாள் காலை லேசாகத் தண்ணீர் தெளித்தாலே போதும்.

ஒரே வீட்டில் அக்காவுக்கு நெளி முடி, தம்பிக்கு ஸ்பிரிங் மாதிரி சுருள் என்று இருப்பதும் உண்டு. இருவருக்கும் ஒரே வைத்தியம் ஆகாது. நெளி முடியில் எண்ணெய் அதிகமானால் படிந்து பிசுபிசுக்கும். வாரம் இருமுறை அலசலாம். இறுக்கமான சுருளுக்கு வாரம் ஒருமுறை போதும்.

இங்கே தண்ணீரையும் கவனிக்க வேண்டும். சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் மெத்தென்று இருக்கும் முடி, போர்வெல் தண்ணீரில் குளித்தால் நார் போல விறைக்கும். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். உப்புத் தண்ணீர்தான் கதி என்றால், கடைசியாக ஒரு சொம்பு நல்ல தண்ணீரோ, பிடித்து வைத்த மழைநீரோ ஊற்றி அலசினாலே வித்தியாசம் தெரியும்.

சோப்பு உப்புத் தண்ணீரோடு சேர்ந்தால் வெள்ளையாகப் படியும். நம் ஊர் அரப்பு அப்படிப் படியாது. உசிலை மரத்து இலைப்பொடியான இதைச் சோறு வடித்த கஞ்சியில் குழைத்துத் தேய்ப்பது கொங்கு வழக்கம். ஆனால், பொடி சுருளுக்குள் சிக்கிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு. மெல்லிய துணியில் வடிகட்டித்தான் குழந்தைக்குப் போட வேண்டும். கண்ணில் பட்டால் எரியும், ஜாக்கிரதை! விளக்கெண்ணெயிலும் அளவு தேவை. கெட்டியான அந்த எண்ணெயைத் தேய்த்து அலசியபோது, முடி மொத்தமும் பிரிக்க முடியாத உருண்டையாகத் திரண்டுபோன சம்பவம் அரிதாக மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. நெத்திச்சுட்டி வைக்கும் இடத்தில் முடி மெலிந்து, சின்னப் பொரிகள் தெரிந்தால் ஜடையின் இறுக்கம்தான் காரணமாக இருக்கும். தளர்த்தியும் சரியாகாவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டிவிடலாம்.

விசேஷ வீட்டுக்குப் போகும்போது ஒரு நாளைக்குத்தானே என்று பார்லரில் 'ஸ்ட்ரெய்ட்டனிங்' செய்வது மட்டும் வேண்டாம். சில கிரீம்களைச் சூடாக்கும்போது ஃபார்மால்டிஹைடு வாயு வெளியாகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலில் வைத்திருக்கும் பொருள் அது.

இன்னொன்று, வீட்டில் நாமே செல்லமாகச் சொல்லும் 'பரட்டை'. '16 வயதினிலே' படத்தில் ரஜினிக்கு அந்தப் பெயர் பொருந்தியது. ஐந்து வயதுக் குழந்தை அதை வகுப்பிலும் கேட்டுவிட்டு வந்து, கண்ணாடி முன்னால் நின்று தண்ணீர் தொட்டு முடியை அமுக்கிக்கொண்டிருக்கும். அம்மிச்சியிடம் இதையும் ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாம்.