பொதுப்பணத்திற்குக் காவல்

நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை ஊடாக இராகலை வரை ஒரு காலத்தில் குறும்பாதைப் புகையிரதம் ஒன்று ஓடியது. வலப்பனைப் பகுதியின் உயர்ந்த மலைத் தோட்டங்களிற் பறித்துப் பதமாக்கிய தேயிலை அதிலேறி நானுஓயாவை அடைந்து, அங்கிருந்து பெரும்பாதை வழியே கொழும்புத் துறைமுகம் சென்றது. 1904ஆம் ஆண்டில் இராகலையை எட்டிய அப்பாதை 1940களில் மூடப்பட்டது. லொறிகள் வந்துவிட்டன, புகையிரதத்தின் வருவாய் அதன் செலவுக்குப் போதவில்லை, ஆகவே அது வீண்செலவு என்பது அன்றைய கணக்கு. கணக்கிலே பிழை இருந்திருக்க வேண்டுமென்பதில்லை. ஆயினும் அப்பாதையை நம்பியிருந்த தோட்ட மக்கள் அக்கணக்கிற் சேரவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. எது வேண்டும், எது வேண்டாம் என்று தீர்மானிக்கும் சபையில் அவர்களுக்காகப் பேசும் குரல் அதன்பின் நெடுங்காலம் ஒடுங்கிப் போயிற்று.

இதனோடு மத்தளை விமான நிலையத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அம்பாந்தோட்டை மாவட்டத்தில் 2013 மார்ச் மாதத்தில் திறக்கப்பட்ட அந்நிலையத்திற்கு ஏறத்தாழ 209 மில்லியன் அமெரிக்க டொலர் செலவாயிற்று. அதில் 190 மில்லியன் சீனாவின் ஏற்றுமதி இறக்குமதி வங்கி தந்த கடன். ஓடுபாதை நீளமானது, கட்டடம் அழகானது, விமானங்கள் மட்டும் வரவில்லை. 2015ஆம் ஆண்டில் ஸ்ரீலங்கன் விமான சேவையும் அங்கு செல்வதை நிறுத்திய பின்னர், பொருட்கள் வைக்கும் கட்டடத்தில் நெல் மூட்டைகளை அடுக்கினர். நெல்லுக்கு அத்துணை விலையுயர்ந்த களஞ்சியம் உலகில் வேறெங்கும் இருந்திருக்க முடியாது.

இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால், வீண்செலவு என்னும் சொல் எத்துணை எளிதாக ஏமாற்றவல்லது என்பது விளங்கும். பற்றுச்சீட்டும் கையொப்பமும் ஒழுங்காக இருந்தும் ஒரு செலவு முற்றும் வீணாகலாம். வருவாய் தராத ஒரு செலவு ஒரு பிரதேசத்தின் உயிர்நாடியாகவும் இருக்கலாம். இந்த வேறுபாட்டை, பணத்தைச் செலவிடுவோரைச் சாராத ஒருவர் ஆராய்ந்து சொல்ல வேண்டும் என்பதிலிருந்தே சுயாதீன ஆணைக்குழு என்னும் எண்ணம் பிறக்கின்றது.

எண்ணம் புதியதன்று. வள்ளுவர் அரசனின் பொருட்கடமையை நான்காக வகுத்தபோது, வருவாய்க்கு வழி காண்பதில் தொடங்கிப் பங்கீட்டில் முடித்தார். காவலை இடையில் வைத்தார். இலங்கையில் அக்காவலுக்கு நெடிய வரலாறுண்டு. கணக்காய்வுத் திணைக்களத்தின் தொடக்கம் 1799ஆம் ஆண்டைச் சாரும். 1947ஆம் ஆண்டின் சோல்பரி அரசியலமைப்பு, கணக்காய்வாளர் நாயகத்தின் சம்பளத்தைத் திரட்டு நிதியிலிருந்து வழங்க ஏற்பாடு செய்தது. ஆண்டுதோறும் அமைச்சர்களின் தயவை நாடி நிற்பவன் அவர்களின் கணக்கை அஞ்சாது பார்க்க இயலாது என்பதே அதன் நோக்கம். அரச கூட்டுத்தாபனங்களைப் பார்வையிடுவதற்கெனப் பாராளுமன்றத்தில் 1979இல் ஒரு குழு அமைந்தது. "கோப்" என்று செய்தித்தாள்கள் குறிப்பிடுவது அதனையே.

எனினும் கணக்காய்வு இயல்பிலேயே பின்னர் வருவது. பணம் போன பிறகே ஆய்வாளர் வருகிறார். நோயாளி இறந்த பின் மருத்துவர் காரணம் எழுதுவது போன்றது அது. காரணம் சரியாயிருந்தாலும் நோயாளி எழுந்திருப்பதில்லை. மத்தளையைப் பற்றி எத்தனை அறிக்கை எழுதினாலும் கடன் தவணை குறையாது. முன்னதாகவே பார்ப்பதற்கு வழி வேண்டும்.

அவ்வழியை 2015ஆம் ஆண்டில் நிறைவேறிய பத்தொன்பதாவது திருத்தம் ஓரளவு திறந்தது. கணக்காய்வுச் சேவை ஆணைக்குழு, தேசிய பெறுகை ஆணைக்குழு என இரண்டினை அது அரசியலமைப்பிலேயே நிறுவியது. முன்னது, கணக்கைப் பார்க்கும் உத்தியோகத்தரின் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று ஆகியவற்றை ஆளுங்கட்சியின் கையிலிருந்து எடுத்தது. பின்னதில் ஐந்து உறுப்பினர். அரசு பொருள் வாங்குவதற்கும் வேலைகளைக் குத்தகைக்கு விடுவதற்குமான நெறிகளை வகுப்பதும், அவை கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று கண்காணிப்பதும் அதன் பணி. பொதுப்பணம் மிகுதியாகக் கசிவது கேள்விப்பத்திரம் கோரும் கட்டத்திலேதான். ஒரே ஒருவர்தான் நிறைவேற்றக்கூடிய விதத்தில் நிபந்தனைகளை எழுதிவிட்டால், அதன்பின் எல்லாம் சட்டப்படியே நடப்பதுபோல் தோன்றும். ஆகவே இவ்வாணைக்குழு காவலைச் சரியான வாசலில் நிறுத்தியது எனலாம். 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் இன்னுமோர் அடி முன்சென்று, மோசடியாலோ கவனயீனத்தாலோ நேர்ந்த இழப்பைப் பொறுப்பானவரிடமே அறவிட இடமளித்தது.

அதன்பின் நடந்தது கவனத்துக்குரியது. 2020 ஒக்டோபரில் நிறைவேறிய இருபதாவது திருத்தம் இவ்விரு ஆணைக்குழுக்களையும் ஒழித்தது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது. அவ்வாண்டு ஒக்டோபரில் இருபத்தோராவது திருத்தம் அவற்றை மீண்டும் நிறுவியது. ஒழித்ததும் நிறுவியதும் ஒரே பாராளுமன்றம். ஆணைக்குழுக்கள் இல்லாமையால் மட்டுமே கடன் நெருக்கடி வந்தது என்று சொல்வது மிகையாகும். அதன் வேர்கள் பல. ஆனால் வீட்டில் பண்டம் குறைகின்ற வேளையில் முதலில் காவல்காரனை அனுப்பிவிட்ட செய்கையை யாரும் சிக்கனம் என்று சொல்ல மாட்டார்.

ஆகவே, சட்டப் புத்தகத்தில் ஓர் ஆணைக்குழுவின் பெயர் இருப்பது மட்டும் போதாது. 2025 ஏப்ரலில் கணக்காய்வாளர் நாயகம் ஓய்வுபெற்றார். அடுத்தவரை நிரந்தரமாக நியமிப்பது மாதக்கணக்கில் இழுபட்டது. முன்மொழியப்பட்ட பெயரை அரசியலமைப்புப் பேரவை ஏற்கவில்லை. பேரவை மறுத்தது ஒருவகையில் சுயாதீனத்தின் அடையாளமே. எனினும் இழுபறியால் நேரும் நட்டம் காவலுக்குத்தான்.

பிறநாட்டு அனுபவமும் ஓர் எச்சரிக்கையைத் தருகின்றது. முதலாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானிய அரசு 1921இல் சேர் எரிக் கெடிஸ் என்பவரின் தலைமையில் செலவைக் குறைக்க ஒரு குழுவை அமைத்தது. அதன் அறிக்கைக்கு மக்கள் இட்ட பெயர் "கெடிஸ் கோடரி". படைச் செலவில் வெட்டியதோடு நில்லாமல் அக்கோடரி பாடசாலைகள் மீதும் விழுந்தது; வகுப்புகளைப் பெரிதாக்கலாம், சிறுவரைச் சேர்க்கும் வயதை உயர்த்தலாம் என்றெல்லாம் ஆலோசனை வந்தது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டு கீதாகிருஷ்ணன் தலைமையிலும், 2014ஆம் ஆண்டு பிமல் ஜலான் தலைமையிலும் செலவுச் சீர்திருத்தத்திற்கு ஆணைக்குழுக்கள் அமைந்தன. அவற்றுக்கு ஆலோசனை கூறும் அதிகாரமே இருந்தது. ஏற்பதும் விடுப்பதும் அரசின் விருப்பம்.

கெடிஸ் குழுவின் பாடம் மலையகத்திற்கு நெருக்கமானது. அறுபது பிள்ளைகள் படிக்கும் ஒரு தோட்டப் பாடசாலையைக் கொழும்பிலிருந்து கணக்கிட்டால், ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவு நகரப் பாடசாலையைவிட அதிகமாகவே தோன்றும். அடுத்த பாடசாலை மூன்று மைல் தூரத்தில் இருப்பதும், இடையில் மழைக்கால ஆறொன்று ஓடுவதும் அந்த எண்ணில் தெரியா. 1970களில் அரசு பொறுப்பேற்கத் தொடங்கும் வரை தோட்டப் பாடசாலைகள் என்ன நிலையிலிருந்தன என்பதை அறிந்தவர், இத்தகைய செலவை வீண் என்று எழுத மாட்டார். வெட்டுவதற்கு எளிதானவை எப்போதும் குரலற்றவரின் செலவுகளே. செலவிடாமையும் வீணைப் போலவே தீங்காகலாம். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் பாதையோ கிணறோ அமைக்கச் சபைகளுக்குத் தடையாக நெடுங்காலம் நின்றது. வாக்களித்தது தோட்டம், சபையின் பணம் போனது வேறிடம். அச்சட்டம் 2018ஆம் ஆண்டிலேதான் திருத்தப்பட்டது. எந்தக் கணக்காய்வு அறிக்கையும் இதனை வீண்செலவு என்று காட்டியிராது, செலவே நடக்கவில்லையன்றோ!

ஆதலின் உண்மையான சுயாதீன ஆணைக்குழுவுக்குக் காவலும் பங்கீடும் வெவ்வேறு என்பது விளங்க வேண்டும். பெருந்திட்டங்களைத் தொடங்குமுன்பே அது பார்க்க வேண்டும். அதன் கருத்தை ஏற்காத அமைச்சு காரணத்தை எழுத்தில் பாராளுமன்றத்திற்குக் கூற வேண்டும். எந்தச் சேவை யாருக்கு வேண்டும் என்னும் முடிவோ மக்கள் பிரதிநிதிகளுக்கே உரியது. அதையும் ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தால், கேள்வி கேட்பாரின்றி ஐந்து பேர் கோடரி ஏந்துவர்.

இன்று இது வெறும் கோட்பாடன்று. 2024ஆம் ஆண்டின் பொது நிதி முகாமைத்துவச் சட்டம், வட்டி தவிர்ந்த அரச செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியின் நூற்றுக்குப் பதின்மூன்று வீதத்துக்குள் நிறுத்துகின்றது. பானை சிறிது, ஒருவர் கொட்டினால் மற்றவர் பட்டினி. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமாயிற்று. இராகலைக் கடையில் சவர்க்காரம் வாங்கும் கொழுந்து பறிக்கும் பெண்ணும் கொழும்பு வணிகரும் அதை ஒரே வீதத்தில் செலுத்துகின்றனர். 2007 ஜனவரியில் வலப்பனையில் மண்சரிவுகள் உயிர்களைக் கொண்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நுவரெலியா மாவட்டத்தையும் அயல் மலை மாவட்டங்களையும் சிதைத்தது. வீடும் பாதையும் பாலமும் மீளக் கட்டுவதற்குப் பெரும்பணம் வேண்டும். அவசரம் என்னும் சொல் கேள்விப்பத்திர நெறிகளைத் தளர்த்துவதற்கு மிகவும் வசதியான சொல். சரிவின் நீரை வடிக்கும் கால்வாய்க்கு ஒதுக்கிய பணம் வரவேற்பு வளைவுக்குப் போனால், அடுத்த பெருமழையில் அதன் விலை தெரியவரும்.

வலப்பனைப் பிரதேச சபையின் கணக்கையும் பார்ப்பவர் கணக்காய்வாளர் நாயகமே. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, எந்தச் சபையிடமும் எந்தப் பிரசையும் அத்தகைய அறிக்கையைக் கேட்கலாம். எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்டால், அதை எழுத்தில் பதிய உதவுவது தகவல் அலுவலரின் கடமை. பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்ற தீர்மானத்தை அவர் அறிவிக்க வேண்டும். அந்நாளிலே புகையிரதப் பாதையின் கணக்கை எவரிடம் கேட்பதென்று தோட்டத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. இன்று இராகலையிலிருந்து பஸ் ஏறிச் சபை அலுவலகத்திற்குச் சென்றால் கேட்க முடியும்.