பேட்ச் கோப்பு: ஒரு சொல் விட்டால் கணக்கே போகும்

கடை அடைக்கும் முன் பழைய நகலை அழித்துவிட்டு, அன்றைய கணக்கைப் பென் டிரைவில் நகல் எடுக்கச் சில வணிகர்கள் கம்ப்யூட்டர்காரரிடம் பேட்ச் கோப்பு எழுதி வாங்கியிருப்பார்கள். விண்டோஸ் அதிலுள்ள கட்டளைகளை வரிசையாகச் செய்து முடிக்கும். கோப்பின் பெயரை அடுத்து நாம் தட்டும் முதல் சொல் %1 என்ற இடத்திலும், இரண்டாவது %2 என்ற இடத்திலும் போய்ச் சேரும். இப்படி %9 வரை உண்டு.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, இடைவெளி. மளிகை கணக்கு என்று தட்டினால் %1-இல் 'மளிகை' மட்டுமே சேரும். "மளிகை கணக்கு" என இரட்டை மேற்கோளுக்குள் தட்டினால்தான் முழுப்பெயரும் சேரும்.

இரண்டாவது, மறதி. அழிக்கும் வரி, டெல் /எஸ் /க்யூ %1\*.* என்று இருப்பதாகக் கொள்வோம். கடைப்பையன் ஃபோல்டர் பெயரைத் தட்ட மறந்தால் %1 காலியாகி, கட்டளை டெல் /எஸ் /க்யூ \*.* என்று மாறிவிடும். கம்ப்யூட்டர் உறுதி கேட்காமலேயே அந்த டிரைவ் முழுவதும் புகுந்து கோப்புகளை அழிக்கும். வரவு செலவும் பாக்கிப் பட்டியலும் போன பின் யாரிடம் போய்க் கேட்பது?

இதற்குப் பரிகாரம் ஒரே வரிதான். கோப்பின் தொடக்கத்தில், இஃப் "%~1"=="" எக்ஸிட் /பி என்று ஆங்கில எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். பெயர் இல்லையென்றால் வேலை அங்கேயே நின்றுவிடும்.

புதுக் கோப்பைச் சோதிக்கும்போது டெல்லுக்கு முன் எக்கோ என்ற சொல்லைச் சேர்த்து ஓட்டுங்கள். எதையும் அழிக்காமல், அழிக்கும் கட்டளையைத் திரையில் மட்டும் காட்டும். சரிபார்த்த பிறகு எக்கோவை எடுத்துவிடலாம். தராசைச் சரிபார்த்த பின்தானே சரக்கை நிறுக்கிறோம்!